நெல் ஆலையின் கணக்கு மெஷின் விழுந்தபோது

இலங்கையின் கிழக்கில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலைகளுக்குக் கணனி திருத்தப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மேசையில் விண்டோஸ் 10 போட்ட புது மெஷின். அதில், ஒரு கணனிக்குள் இன்னொரு கணனியை ஓட்டிக் காட்டும் வெர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளின் ஜன்னல் ஒன்று திறந்திருக்கும். ஜன்னலுக்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் ஃபொக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள். எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போயிருப்பார். விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து ப்ரோகிராம்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. ஆலைக்காரர்களுக்கோ அந்தப் பச்சைத் திரையும் அதன் குறுக்குவிசைகளும் கைப்பழக்கம். அதனால் பழைய மெஷினை அப்படியே ஒரு வெர்ச்சுவல் மெஷினாக்கி உள்ளே வைத்துவிடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விழுந்தால் எத்தனை அடுக்கில் கை வைக்க வேண்டும் என்பது விழும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

நான் சொல்லப்போவது சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றில் நடந்தது. பெரும்போக அறுவடை நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்தும் நெல் லொறி லொறியாக வந்துகொண்டிருந்தது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வயல் மெஷின் கூலிக்கும் ஆலை கொடுத்த முற்பணம், விவசாயி கொண்டுவந்த மூடைகள், ஈரத்துக்குக் கழித்தது, மிச்சம் யார் யாருக்குத் தரவேண்டும் என்பதெல்லாம் அந்த எக்ஸ்பிக்குள்ளேயே இருந்தது. பகலில் கரண்ட் போனது. யூ.பி.எஸ் இரண்டு தரம் கத்திவிட்டு அணைந்தது. கரண்ட் வந்து மெஷினைப் போட்டபோது, வெர்ச்சுவல்பொக்ஸ் பட்டியலில் அந்த மெஷினின் பெயருக்குக் கீழே ‘அணுக முடியவில்லை’ என்று நின்றது.

ஆலையில் கணக்கெழுதும் கிளாக்கர் அண்ணன் காரைதீவுக்காரர். எனக்கு அழைப்பெடுக்கும்போதே அவருக்குக் குரல் அடைத்திருந்தது. யாரோ போனில் வழி சொல்லியிருந்தார்களாம்: புதிதாக ஒரு வெர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, பழைய மெஷினின் டிஸ்க் முழுதும் அடங்கிய வி.டி.ஐ கோப்பைக் கோத்து ஓட்டிப் பாருங்கள் என்று. “ஓட்டட்டா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம், ஒன்றையும் தொடாமல் மெஷினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள் என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. கெட்டுப்போன டிஸ்க்கை ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் விண்டோஸ் தன்பாட்டுக்கு அதில் எழுதும். நடந்ததைக் குறிக்கும் லொக் எழுதும், தற்காலிகக் கோப்பு எழுதும், தானாகச் செக் டிஸ்க் என்ற திருத்தும் கருவியை ஓட்டி உடைந்த துண்டுகளை வெட்டி எறியும். மீட்கக்கூடியதாக இருந்த இடங்களில் புது எழுத்து ஏறிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷொட். அந்த மெஷினில் ஸ்னாப்ஷொட் எடுத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அடி டிஸ்க்கைத் தனியாக எடுத்து ஓட்டியிருந்தால் முழுக் கணக்கும் கை நழுவியிருக்கும். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். எங்கள் பகுதியில் நான் பார்த்த ஆலைகளிலும் கடைகளிலும் ஸ்னாப்ஷொட்டைத்தான் பெக்கப் என்று நம்பியிருக்கிறார்கள்.

வெர்ச்சுவல்பொக்ஸில் ஸ்னாப்ஷொட் எடுத்த நிமிடத்தோடு பழைய வி.டி.ஐ கோப்பு உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் ‘ஸ்னாப்ஷொட்ஸ்’ என்ற ஃபோல்டரில் உருவாகும் புதுக் கோப்புக்குப் போகும். மாறிய பகுதிகள் மட்டும், வழக்கமாக 1 எம்.பி கட்டங்களாக, அதில் சேரும். ஒரு கட்டத்தை வாசிக்கும்போது முதலில் புதுக் கோப்பில் தேடும். அங்கே இல்லையென்றால் பழையதில் எடுக்கும். ஆக, ஸ்னாப்ஷொட் எடுத்தபின் உங்களிடம் இருப்பது இரண்டு பிரதிகள் அல்ல; ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பாதிகள். பழைய பாதியை மட்டும் ஓட்டினால் ஸ்னாப்ஷொட் எடுத்த நாளின் கணக்கு தெரியும். அப்படி ஓட்டும்போது அதில் ஏறும் எழுத்தால் மற்றப் பாதியோடு அது பொருந்தாமல் போகும். இந்த ஆலையில் ஸ்னாப்ஷொட் எடுத்து வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிந்திய எல்லாப் போகங்களின் கணக்கும் அந்த ஸ்னாப்ஷொட்ஸ் ஃபோல்டருக்குள்தான் கிடந்தது. இடம் பிடிக்கிறது என்று யாராவது அதை அழித்திருக்கவும் கூடும். அழிக்காமல் விட்டது பெரிய புண்ணியம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆலை முதலாளி ஹாஜியார் கணக்கறையிலேயே உட்கார்ந்திருந்தார். “தம்பி, மெஷின் போனா வேற வாங்கலாம். கணக்குப் போனா நான் வெல்லாவெளிக்காரனுக்கிட்ட எந்த முகத்தோட முற்பணம் கேக்கிற? அவனுக்குக் குடுக்க வேண்டியத எதப் பாத்துக் குடுக்கிற?” என்றார். கொடுக்க வேண்டியதையும் சேர்த்துக் கேட்டாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வேலையாக டிஸ்க்கைக் கழற்றி எடுத்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 197ஆம் வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை, பூச்சியமாக இல்லை. அதாவது வெர்ச்சுவல் மெஷினுக்கு முன்னால் நிஜ டிஸ்க்கே தளர ஆரம்பித்திருந்தது. இப்படியான டிஸ்க்கில் சாதாரணமாகக் கோப்பை இழுத்துக் கொப்பி பண்ணக்கூடாது. கெட்ட செக்டரில் முட்டி அங்கேயே நின்று திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அந்த உழைப்பிலேயே டிஸ்க் முழுதாகச் செத்துவிடலாம். இதற்கென்றே இருப்பது ஜி.என்.யு டி.டி.ரெஸ்க்யூ என்ற மென்பொருள். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, பழைய டிஸ்க்கை மவுண்ட் பண்ணாமல், அதாவது அதன் கோப்புகளைத் திறக்க விடாமல், அதைவிடப் பெரிய புது டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்தேன். டி.டி.ரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் அவற்றுக்குத் திரும்பும். எதை வாசிக்க முடிந்தது, எதை முடியவில்லை என்பதை மெப் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊர்களில் இது பெரிய உதவி. இரவு முழுக்க ஓடியது. கடைசியில் சில கிலோபைட்டுகள் மட்டும் வாசிக்க முடியாமல் நின்றன.

பழைய டிஸ்க்கைக் கடதாசியில் சுற்றி ஹாஜியாரின் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அதன்பிறகு செய்த எல்லாமே பிரதியின்மேல்தான். அந்தப் பிரதிக்கும் இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன். நேரமில்லை, அறுவடை ஓடுகிறது, லொறிகள் நிற்கின்றன என்று எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் இந்த இடத்தில் மட்டும் இறங்கிக் கொடுக்கக் கூடாது.

‘அணுக முடியவில்லை’ என்பதற்குக் காரணம் சின்னது. வெர்ச்சுவல் மெஷினின் அமைப்புக் கோப்பு, ‘விபொக்ஸ்’ என்று முடியும் கோப்பு, பூச்சிய பைட்டாகக் கிடந்தது. எந்த டிஸ்க், எந்த ஸ்னாப்ஷொட் எதற்குப் பிள்ளை என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். வெர்ச்சுவல்பொக்ஸ் அதன் முந்திய பதிப்பை, பெயரின் கடைசியில் ‘ப்ரெவ்’ சேர்த்து, பக்கத்திலேயே வைத்திருக்கும். அதைக் கொப்பி பண்ணிப் பெயரை மாற்றியதும் மெஷின் பட்டியலுக்குத் திரும்பியது. இதைப் பார்த்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று ‘ஸ்டார்ட்’ அழுத்தக் கை துடிக்கும். அழுத்தவில்லை. வெர்ச்சுவல்பொக்ஸின் வி.பொக்ஸ்மெனேஜ் கட்டளையில் ‘குளோன் மீடியம்’ கொடுத்து, ஸ்னாப்ஷொட் சங்கிலியின் கடைசிக் கோப்பிலிருந்து குளோன் எடுத்தேன். இரண்டு பாதிகளும் சேர்ந்து ஒரே முழு வி.டி.ஐ ஆகிவிடும். க்யூ.எம்.யூ என்ற வேறொரு வெர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் கருவிகளுக்கு இந்த வகைச் சங்கிலி புரியாது; இதை வெர்ச்சுவல்பொக்ஸைக் கொண்டேதான் செய்ய வேண்டும்.

அந்த முழு டிஸ்க்கையும் தானே கிளம்ப விடவில்லை. ஆரோக்கியமான வேறொரு வெர்ச்சுவல் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காகக் கோத்தேன். செக் டிஸ்க்கை முதலில் திருத்தும் அனுமதி இல்லாமல், பார்ப்பதற்கு மட்டும் ஓட்டினேன். என்ன சொல்கிறது என்று வாசித்துவிட்டு, வேறொரு பிரதியில்தான் திருத்த விட்டேன். விண்டோஸ் கோப்புகள் சில போயிருந்தன. அதைப் பற்றிக் கவலையில்லை. கணக்கு ஃபோல்டர் இருந்தது. ஃபொக்ஸ்ப்ரோ தன் பதிவுகளை வைக்கும் டி.பி.எஃப் கோப்புகள் அளவோடு இருந்தன. ஆனால் மென்பொருளால் திறந்தால் பிரதானமான கொடுக்கல் வாங்கல் கோப்பை ‘இது அட்டவணை இல்லை’ என்று தள்ளியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஃபொக்ஸ்ப்ரோ வைத்திருக்கும் கடைகளும் ஆலைகளும் சங்கங்களும் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. டி.பி.எஃப் கோப்பின் முதல் 32 பைட்டில் அதன் சாதகமே எழுதியிருக்கும். பூச்சியத்திலிருந்து எண்ணினால், 4 முதல் 7 வரையான பைட்டுகளில் எத்தனை பதிவுகள் என்ற எண். 8, 9இல் தலைப்பகுதியின் நீளம். 10, 11இல் ஒரு பதிவின் நீளம். கரண்ட் போகும் நொடியில் புதுப் பதிவு கோப்பில் ஏறியிருக்கும், தலைப்பில் எண் மாறியிருக்காது. அல்லது எண் மாறியிருக்கும், பதிவு ஏறியிருக்காது. இரண்டும் ஒவ்வாவிட்டால் கோப்பே கெட்டுப்போனதுபோலக் காட்டும். திருத்துவது கணக்குத்தான்: கோப்பின் மொத்த அளவிலிருந்து தலைப்பகுதியைக் கழித்து, ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தால் வரும் முழு எண்ணே உண்மையான பதிவுகளின் எண்ணிக்கை. அந்த எண்ணை, கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் சரியான இடத்தில், சிறிய பைட் முதலில் வருமாறு எழுத வேண்டும். பிறகு, பதிவுகளைத் தேட உதவும் இன்டெக்ஸ் கோப்புகளை நம்பாமல் புதிதாகக் கட்ட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு பதிவும் ஓர் எழுத்து இடத்தோடு தொடங்கும். அங்கே வெற்றிடம் இருந்தால் உயிருள்ள பதிவு, நட்சத்திரக் குறி இருந்தால் அழித்த பதிவு. அழித்ததை நிஜமாகவே நீக்கும் ‘பேக்’ பண்ணும்வரை அழித்ததும் கோப்பில் அப்படியே கிடக்கும்.

ஹெக்ஸ் எடிட்டரின் வலது பக்கத்தில் எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக ஓடிக்கொண்டிருந்தன. கிளாக்கர் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று ஆங்கில எழுத்தில் கிடந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தார். மண்டூர், வெல்லாவெளி, நாவிதன்வெளி. “இவர் முந்தாநாள் வந்தவர். இவருக்கு நாமதான் குடுக்கோணும்” என்றார். அவர் குரல் அப்போதுதான் திறந்தது. கீழே போகப் போகப் பெயர்கள் நின்று, வெறும் பூச்சியங்கள் வரத் தொடங்கின.

அந்தப் பூச்சியங்கள் எப்படி வந்தன? விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ் தன் லொக்கில் காப்பது கோப்பின் விவரங்களைத்தான், உள்ளடக்கத்தை அல்ல. கோப்பு நீண்டது என்ற குறிப்பு டிஸ்க்கில் ஏறி, உள்ளடக்கம் ஏறுமுன் கரண்ட் போனால், நீண்ட இடம் பூச்சியமாகத் தெரியும். வெர்ச்சுவல் மெஷினில் இது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் எக்ஸ்பி ‘இப்போதே டிஸ்க்கில் எழுது’ என்று கட்டளையிட்டாலும், வேகத்துக்காக வெர்ச்சுவல்பொக்ஸ் அதை வழக்கமாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. கணக்கு வேலை செய்யும் மெஷினில் அந்த அமைப்பை மாற்றிவிட வேண்டும். கொஞ்சம் மெதுவாகும். பரவாயில்லை.

பூச்சியமாகிப்போன கடைசிப் பதிவுகளை எந்த மென்பொருளும் மீட்டுத் தரவில்லை. பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளும் தராசுத் துண்டுகளும்தான் தந்தன. கிளாக்கர் அண்ணன் ஒவ்வொரு துண்டையும் தேதிப்படி அடுக்கி வாசிக்க, ஆலைப் பெடியன் ஒருவன் தட்டச்சுப் பண்ணினான். இரண்டு விவசாயிகளின் துண்டுகள் ஆலையில் கிடைக்கவில்லை. அவர்கள் கையிலிருந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ளபடியே ஹாஜியார் எழுதச் சொன்னார். கணனி வந்துவிட்டது, கார்பன் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் எந்த ஆலைக்குப் போனாலும் அதை நிறுத்தவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கரண்ட் இல்லாமல் வாசிக்கக்கூடிய ஒரே பெக்கப் அது.

பிறகு, இனி என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி மெஷினிலேயே கோத்துவிட்டால் போதாதா என்பது அவர்களின் முதல் எண்ணம். போதாது. எப்போதும் கோத்திருக்கும் டிஸ்க், மெஷினுக்கு வருவதெல்லாம் தனக்கும் வர வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2023இல் இலங்கை அரச மேகக்கணினியை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரன்சம்வெயர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலப்பகுதிக்குப் பெக்கப் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால், தெரியாத பென் டிரைவுகளெல்லாம் வந்து போகும் ஆலை மெஷினை என்ன சொல்ல?

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொல்லிப் பரவிய 3-2-1 கணக்கைத்தான் அவர்களுக்குச் சொன்னேன்: மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்றதும் ஹாஜியாரே பேசத் தொடங்கிவிட்டார். வீடு மருதமுனையில், கடற்கரைக்குக் கிட்ட. “2004ல வாப்பாட கடன் கொப்பியெல்லாம் கடலோட போனது தம்பி. ஆரு தரணும் எண்டு அவருக்கும் தெரியா, தர இருந்தவனும் எத்தனையோ பேர் போயிட்டான்.” அந்த டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இங்கே யாருக்கும் ‘வேறிடம்’ என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு டிஸ்க் போய்வந்தால் ஆலை தீப்பிடித்தால் உதவும். வெள்ளத்துக்கும் கடலுக்கும் உதவாது. அதனால் மூன்றாவது பிரதி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஸிப் கோப்பாக, இணையச் சேமிப்புக்குப் போகிறது. கணக்கு ஃபோல்டர் சில பத்து எம்.பிதான், போன் டேட்டாவிலேயே ஏறிவிடும். கடவுச்சொல்லை ஹாஜியாரும், கண்டியில் இருக்கும் அவர் மகளும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அந்தப் பிரதி இல்லாததற்குச் சமம்.

தினமும் எடுப்பது கணக்கு ஃபோல்டரை மட்டும். முழு வெர்ச்சுவல் மெஷினை வாரம் ஒருதரம் எடுத்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது வி.டி.ஐயைக் கொப்பி பண்ணினால் பாதி எழுதிய கோப்புத்தான் கிடைக்கும். மெஷினை முறையாக அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். இதற்கு நேரம் தேடி அலையவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆலை நிற்கும். கிளாக்கர் அண்ணன் எக்ஸ்பியை அணைத்து, வெளி டிஸ்க்கைக் கோத்து, கொப்பியைத் தொடக்கிவிட்டுச் சாப்பிடப் போவார். வந்து கழற்றி அலுமாரியில் வைப்பார். மறு வெள்ளிக்கு இரண்டாவது டிஸ்க். ஸ்னாப்ஷொட் எதுவும் இப்போது அந்த மெஷினில் இல்லை. ஏதாவது புதிதாக நிறுவுமுன் ஒன்று எடுப்போம். சரிவந்ததும் அதை வெர்ச்சுவல்பொக்ஸ் வழியாகவே நீக்கி இணைத்துவிடுவோம்.

யூ.பி.எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் ஈய பற்றரி எங்கள் வெக்கையில் சில வருடங்களுக்குமேல் தாங்காது. பச்சை விளக்கு எரிவதை நம்பக்கூடாது. வேலையில்லாத நேரத்தில் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். யூ.எஸ்.பி வயர் உள்ள யூ.பி.எஸ் என்றால் அந்த வயரைக் கட்டாயம் கோக்க வேண்டும். கரண்ட் போய்ச் சில நிமிடத்தில் வெர்ச்சுவல் மெஷினைச் சேமித்து நிறுத்திவிட்டு, பிறகு வெளி மெஷினை அணைக்கும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதி வைத்தேன். வரிசை மாறினால் பயனில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு நான் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றைத்தான்: மாதம் ஒருதரம் பெக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் ஆலை மெஷினில் அல்லாமல் ஹாஜியாரின் லெப்டொப்பில். 2017 ஜனவரி 31இல், மென்பொருள் எழுதுபவர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது அவர்களிடம் ஐந்து வகையான பெக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் நம்பியபடி வேலை செய்யவில்லை. யாரோ தற்செயலாகச் சில மணித்தியாலங்களுக்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் தப்பினார்கள். அதைத் தாங்களே பகிரங்கமாக எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. எடுத்த பெக்கப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தங்களிடம் பெக்கப் இருக்கிறதா என்று தெரியும். இங்கே பரிசோதனை எளிது. லெப்டொப்பில் மீட்டெடுத்து, ஏதாவது ஒரு விவசாயியின் பெயரைப் போட்டு, மிச்சத்தைக் கார்பன் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது. முதல் தடவையே, நீண்ட குறிப்புகளை வைக்கும் மெமோ கோப்பு ஒன்று ஸிப்பில் சேராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. திறந்து பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த கரண்ட் கட்டுக்குத்தான் தெரிந்திருக்கும்.

பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைப்பது என்று கிளாக்கர் அண்ணன் கேட்டார். டி.பி.எஃப் போன்ற கோப்பு சத்தமில்லாமல் கெட்டால், கெட்டதுதான் அடுத்தடுத்த பிரதிகளிலும் ஏறும். கவனிக்க வாரங்கள் ஆகலாம். அதனால் கடைசி ஏழு நாட்களின் பிரதிகள், கடைசி நான்கு வெள்ளிக்கிழமைகளின் பிரதிகள், அதற்குமேல் பெரும்போகமும் சிறுபோகமும் முடிந்து கணக்குத் தீர்க்கும்போது ஒவ்வொரு முழுப் பிரதி. போகப் பிரதிகளை அழிப்பதில்லை. அவற்றை டி.வி.டியில் எழுதி, போகத்தின் பெயரையும் வருடத்தையும் உறையில் குறித்து, அந்தப் போகத்துப் பில் புத்தகங்கள் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வைக்கிறார்கள்.